வாட்டம் விட்ட தரையில் வாஷிங் மிஷின்

உங்கள் வாஷிங் மிஷின் பின்கட்டிலிருந்து கிளம்பி அடுப்படி நிலைப்படி வரை வந்து நிற்கிறதா? பதற வேண்டாம். தண்ணீர்க் குழாயின் நீளம் அவ்வளவுதான். அதற்கு மேல் வராது.

எங்கள் வீட்டு மிஷின் 7 கிலோ, முன்பக்கம் கதவு வைத்தது. போடிநாயக்கனூரில், பரமசிவன் கோயில் மலை தெரிகிற பின்கட்டில் இருக்கிறது. இருக்கிறது என்பது ஒரு பேச்சுக்கு. துவைக்கிறவரை சாதுவாக உட்கார்ந்திருக்கும். பிழிகிற நேரம் வந்ததும் எழுந்துவிடும். மூன்று வருஷமாக அது நடந்த தூரத்தையெல்லாம் ஒரே மூச்சில் நடந்திருந்தால் இந்நேரம் முந்தல் செக்போஸ்ட்டைத் தாண்டி மலை ஏறியிருக்கும். நான் ஏலக்காய்க் கடையில் கணக்கு எழுதுகிறவன். எதையும் கூட்டிப் பார்க்காமல் இருக்க முடிவதில்லை. அந்த அனுபவத்தில், இதே அவஸ்தையில் இருப்பவர்களுக்குச் சில யோசனைகள்.

மிஷின் ஆடத் தொடங்கியதும் செய்கிற முதல் காரியம் அதன் மேல் ஏறி உட்காருவது. இதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. முதலில் கை போகும். கை போதவில்லை என்று தெரிந்ததும் நெஞ்சைக் கொடுத்து அமுக்குவோம். அப்புறம் ஆளே மேலே போய்விடுவோம். நான் 68 கிலோ. ஏறி உட்கார்ந்தேன். மிஷினும் நானுமாக அடுப்படி வரை போனோம். என் வீட்டுக்காரி அதைப் படம் பிடித்து அக்காள் தங்கை அத்தனை பேருக்கும் அனுப்பிவிட்டதால், இந்த முறையை நான் யாருக்கும் சிபாரிசு செய்வதில்லை.

68 கிலோ ஏன் போதவில்லை என்பதற்குக் கணக்கு இருக்கிறது. பிழியும்போது டிரம் நிமிஷத்துக்கு 1,000 சுற்று போகிறது. நடுவிலிருந்து கால் மீட்டர் தள்ளி ஒரு கிலோ ஈரத்துணி ஒரே பக்கமாக ஒதுங்கிவிட்டால், அது வெளியே இழுக்கிற இழுப்பு சுமார் 280 கிலோ. ஒரே திசையில் இழுத்தாலாவது எதிர்ப்பக்கம் பிடித்துக்கொள்ளலாம். மேலே, பக்கத்தில், கீழே, மறுபடி பக்கத்தில் என்று நொடிக்குப் பதினாறு தடவை திசை மாறும். ஒரு கிலோ ஈரத்துணி என்றால் என்னவோ ஏதோ என்று நினைக்காதீர்கள். நனைந்த தேங்காய்ப்பூ துண்டு ஒன்று, அவ்வளவுதான்.

இரண்டாவது, கதவைச் சாத்துங்கள். மிஷின் கதவை அல்ல, தெருக்கதவை. ஒரு வீட்டில் மிஷின் ஆடுகிறது என்று தெரிந்தால் தெருவே யோசனையோடு வந்துவிடும். எதிர்வீட்டு மாமா நாற்பது வருஷம் ஏலக்காய் மூடைகளோடு இருந்தவர். வந்தார், பார்த்தார், தீர்ப்புச் சொன்னார்.

“மாப்ள, மேல ஒரு மூடையத் தூக்கி வையி. அப்பறம் எங்கிட்டுப் போகுதுன்னு பாப்பம்.”

அவருக்கு மூடை என்றால் ஏலக்காய் மூடைதான். 2019 ஆகஸ்டில் புற்றடி ஏலத்தில் கிலோ 7,000 ரூபாயைத் தொட்ட சரக்கு. அந்த விலைக்கு 50 கிலோ மூடை மூன்றரை லட்சம். முப்பதாயிரம் ரூபாய் மிஷின் ஓடிப்போகாமல் இருக்க மூன்றரை லட்சத்தைத் தலையில் வைக்கச் சொல்கிறார். சரி, அரிசி மூடையையாவது வைப்போம் என்று வைத்தேன். மூடை முதலில் விழுந்தது, மிஷின் அதன் மேல் ஏறப் பார்த்தது.

முதலாளியிடம் சொன்னபோது அவர் வேறு மாதிரி யோசித்தார். கடையில் காய் தரம் பிரிக்கிற சல்லடை மிஷின் இருக்கிறது. எட்டு மில்லிமீட்டர் காய் மேலே நிற்கும், பொடிக்காய் கீழே இறங்கும். ஆடுவதற்கென்றே காசு கொடுத்து வாங்கியது அது. அது ஆடாமல் நின்றுபோனால்தான் மெக்கானிக்கைத் தேடுவோம். “துணிக்குப் பதிலா காயப் போட்டுப் பாத்தியாப்பா?” என்று கேட்டார். விளையாட்டுக்குக் கேட்டாரா, நிஜமாகவே கேட்டாரா என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

மச்சினன் ஜீப் ஓட்டுகிறான். விடியுமுன் தோட்ட வேலைக்கு ஆள் ஏற்றிக்கொண்டு போடிமெட்டு வழியாகப் பூப்பாறைப் பக்கம் போவான், பொழுது சாய்ந்ததும் இறக்கிவிட்டு வருவான். அவனுக்கு உலகத்தில் எந்தச் சிக்கலும் வளைவு, பாரம், பிரேக் இந்த மூன்றுக்குள் அடங்கிவிடும்.

“மலையில வண்டிய நிப்பாட்டுனா என்னா செய்வோம்? கட்டை போடுவோம்ல மாமா.”

இரண்டு அரைச்செங்கலை முன்கால்களுக்கு அண்டை கொடுத்தான். மிஷின் நடப்பதை நிறுத்தியது. நடக்க விடாத ஆத்திரத்தில் நின்ற இடத்திலேயே குதித்தது. அலமாரியில் இருந்த சொட்டுநீல பாட்டில் விழுந்து உடைந்தது. அந்த நீலம் சுவரில் இன்னும் இருக்கிறது, போய்ப் பார்க்கிறவர்கள் பார்க்கலாம். நான்கு நாளில் செங்கல் மாவாகிவிட்டது. கட்டை போடுவது நிற்கிற வண்டிக்குச் சரி. உள்ளே ஓடுகிற வண்டிக்கு ஆகாது. வெளியே போக வழியில்லாத ஆட்டம் உள்ளே இருக்கிற சாமான்களின் தலையில்தான் விடியும்.

இனி தரைக்கு வருவோம். விஷயம் முக்கால்வாசி இங்கேதான் கிடக்கிறது.

நம் கொத்தனார்கள் பின்கட்டுத் தரை போடும்போது வாட்டம் விடுவார்கள். ஒரு செம்புத் தண்ணீரை எங்கே ஊற்றினாலும் அது யாரையும் கேட்காமல் மூலைத் தூம்புக்குப் போய்ச் சேர வேண்டும். பால் காய்ச்சுகிற அன்றைக்கு வருகிற பெரியவர்கள் பூஜையறையைப் பார்ப்பதற்கு முன்னால் பின்கட்டில் தண்ணீர் ஊற்றிப் பார்ப்பார்கள். தண்ணீர் தேங்கினால் கட்டியவன் பெயர் கெட்டது. இப்படிப் பார்த்துப் பார்த்துச் சாய்த்து வைத்த தரையில் கொண்டுபோய், ‘மட்டமான தரையில் மட்டுமே வைக்கவும்’ என்று கையேட்டின் முதல் பக்கத்திலேயே எழுதி அனுப்பியிருக்கிற சாமானை வைக்கிறோம். வைத்துவிட்டு அது ஆடுகிறது என்று கம்பெனிக்காரனை வைகிறோம்.

தரை மட்டுமா, ஊரே வாட்டம் விட்டுத்தான் இருக்கிறது. மேற்கே மலையடியில் நின்று ஒரு எலுமிச்சம்பழத்தை உருட்டிவிட்டால் தேனி ரோட்டில் பொறுக்கிக்கொள்ளலாம். ஆனால் எங்கள் மிஷின் பள்ளத்துக்குப் போகவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். தூம்பு இருப்பது கிழக்கு மூலையில். அது நடந்ததெல்லாம் மேற்கே, மேட்டைப் பார்த்து. போடியில் காலையில் வேலைக்குப் போகிறவர்கள் எல்லாரும் அந்தத் திசையில்தான் போகிறார்கள்.

மட்டம் பார்க்க ரசமட்டம் வேண்டும். கொத்தனாரிடம் இரவல் கேட்டால் கரண்டியைக்கூடக் கொடுப்பார், ரசமட்டத்தைக் கொடுக்க மாட்டார். ஒரு தட்டில் தண்ணீர் ஊற்றி மிஷின் மேல் வைத்தால் போதும். எந்த விளிம்பில் தண்ணீர் ஏறுகிறதோ அந்தப் பக்கம் பள்ளம். என் மகள் செல்போனையே மிஷின் மேல் வைத்து, “மூணு டிகிரிப்பா” என்றாள். மூன்றுதானே என்றேன். பள்ளிக்கூடத்தில் முப்பத்தைந்துக்குக் குறைவாக எதையும் நான் மதித்ததில்லை.

அடுத்து மூலை பார்ப்பது. மிஷினின் மேல்பக்கம் எதிரெதிர் மூலைகளில் இரண்டு கையையும் வைத்து மாற்றி மாற்றி அமுக்குங்கள். டொக் என்று சத்தம் வந்தால் ஒரு கால் தரையைத் தொடாமல் அந்தரத்தில் நிற்கிறது என்று அர்த்தம். முக்காலி எந்தத் தரையிலும் ஆடாது, நாற்காலிதான் ஆடும். நான்காவது காலுக்கு எப்போதும் ஒரு சந்தேகம். அந்தக் காலைத் திருகி இறக்கித் தரையைத் தொட வையுங்கள். இதுவரை எல்லாரும் செய்துவிடுவார்கள். செய்துவிட்டு முழங்காலைத் தட்டிக்கொண்டு எழுந்துவிடுவார்கள். காலுக்கு மேலே, மிஷின் உடம்பை ஒட்டி, ஒரு நட்டு இருக்கிறது. அதை மேல்நோக்கி இறுக்கி உடம்போடு முட்ட வைத்தால்தான் கால் வைத்த இடத்தில் நிற்கும். இறுக்காமல் விட்டால் ஆட்டத்தில் கால் தானாகத் திருகிக்கொண்டு பத்து நாளில் பழைய இடத்துக்கே போய்விடும். எனக்கு இது தெரிய ஒன்றரை வருஷம் ஆனது. அதுவரை பத்து நாளைக்கு ஒரு தடவை படுத்துக்கிடந்து கால் திருகுவதை ஒரு விரதம் போலச் செய்துவந்தேன்.

சக்கரம் வைத்த ஸ்டாண்டு ஒன்று விற்கிறார்கள். அடியில் கூட்டிப் பெருக்க வசதி. நடக்கிற மிஷினுக்குச் சக்கரமும் வாங்கிக் கொடுப்பது உங்கள் இஷ்டம்.

புது மிஷின் வந்த அன்றைக்கே ஆடினால் பின்பக்கம் போய்ப் பாருங்கள். லாரியில் வரும்போது டிரம் ஆடக் கூடாது என்று பெரும்பாலும் நான்கு பெரிய போல்ட்டுகளைப் போட்டு இறுக்கி அனுப்புவார்கள். ஓட்டுவதற்கு முன்னால் அதைக் கழற்ற வேண்டும். சின்னமனூரில் கொழுந்தியாள் வீட்டில் கழற்றாமலே ஒரு வாரம் ஓட்டினார்கள். பக்கத்து வீட்டுக்காரர் போர் போடுகிறீர்களா என்று கேட்டுக்கொண்டு வந்தார். கழற்றியதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். வீடு மாற்றி மிஷினை ஜீப்பில் மலை ஏற்றும் நாளில் அதே போல்ட் வேண்டும்.

தரை முடிந்தது. இப்போது துணி.

எங்கள் வீட்டில் மிஷினை நடக்கவைத்த குற்றவாளிகளில் முதலாவது நான் கட்டுகிற கைலி. மூட்டிய கைலி ஒரு பெரிய குழாய். டிரம்மில் சுற்றும்போது வாயைத் திறந்து காலுறை, கைக்குட்டை, உள்பாவாடை, மகளின் பள்ளிக்கூடச் சட்டை என்று ஒவ்வொன்றாக விழுங்கும். துவைத்து முடித்து எடுத்தால் இரை எடுத்த மலைப்பாம்பு மாதிரி ஒரே உருண்டையாக வரும். அந்த உருண்டைதான் ஒரு பக்கமாக ஒதுங்கி 280 கிலோவுக்கு இழுப்பது. மூட்டாத கைலி இதைச் செய்யாது. ஆனால் மூட்டாத கைலியைக் கட்டிக்கொண்டு ஆடிக் காற்றில் மொட்டை மாடிக்குப் போக முடியாது. ஆகவே கைலியைத் தனியாக, கைலிகளோடு மட்டும் போடுங்கள். ஒன்றை ஒன்று விழுங்கினாலும் மொத்தத்தில் சமமாக இருக்கும்.

சேலை வேறு ஜாதி. அது விழுங்காது, கட்டும். ஆறு கஜமும் மற்ற துணிகளைச் சுற்றி ஒரு முடிச்சுப் போட்டு வைத்திருக்கும். அதை அவிழ்க்கும்போது பேசுகிற பேச்சை மாமியார் காதில் விழாமல் பேச வேண்டும். சேலையை மடித்து வலைப்பையில் போட்டால் இந்தத் தொல்லை கொஞ்சம் குறையும்.

எல்லாவற்றுக்கும் மேலே ஜமக்காளம். காய் எடுப்பு நடக்கிற மாதங்களில் முதலாளி என்னை மலைக்கு அனுப்புவார். இரண்டு நாள் தோட்டத்து அறையில் தங்கல். தரையிலிருந்து ஏறுகிற குளிருக்கு ஜமக்காளம், அதற்கு மேல் கம்பளி. மேலே மூடுபனியில் துணி எதுவும் காயாது. காய் உலர்த்துகிற ஸ்டோரின் வெளிச்சுவர்ச் சூட்டில்தான் துண்டை விரித்துப் போடுவோம். திரும்பி வரும்போது ஜமக்காளத்தில் பாதி ஏலக்காய் வாசம், பாதி அட்டைப்பூச்சிக்குப் போட்ட புகையிலைத் தூள் நாற்றம். அதைத் தனியாக மிஷினில் போட்டதுதான் நான் செய்த பெரிய தப்பு. ஒரே ஒரு கனத்த துணி என்றால் அதற்கு எதிர்ப்பக்கம் ஈடு கொடுக்க ஆள் இல்லை. கூட நான்கைந்து துண்டு, பழைய வேட்டி என்று போட்டால் அவை பரவி நின்று சமன் செய்யும். ‘கனமான துணியா, தனியாகப் போடு’ என்று துவைகல் காலத்திலிருந்து சொல்லிவந்ததற்கு இது நேர் எதிர். வீட்டில் நம்ப மாட்டார்கள். மிஷினே மூன்று தடவை நின்று காட்டிய பிறகுதான் நம்புவார்கள்.

நிற்பதற்கு முன்னால் மிஷின் தன்னால் ஆனதைச் செய்து பார்க்கும். வேகம் பிடிக்கும், தடுமாறும், நிறுத்தும். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மெதுவாகச் சுற்றித் துணியைக் கலைத்துப் பரப்பும். அதற்கும் மசியவில்லை என்றால் மறுபடி கொஞ்சம் தண்ணீரை இழுத்து அலசிப் பார்க்கும். கடைசியில் பல மிஷின்களில் ‘யூ ஈ’ என்றோ ‘யூ பி’ என்றோ எழுத்து வரும். எங்கள் வீட்டில் ‘யூ ஈ’. “என்னைய ஈங்குதா?” என்று அம்மா கேட்டார். பெரியவர்களை மரியாதையில்லாமல் பேசுகிற சாமானை வீட்டில் வைத்திருக்கிறோம் என்று அவருக்கு வருத்தம். கதவைத் திறந்து உருண்டையைப் பிரித்துப் போடு என்பதுதான் அந்த இரண்டு எழுத்துக்குப் பொருள்.

ஒன்றில் மட்டும் விளையாட வேண்டாம். மழைக்கோட்டு, படங்கு, ரப்பர் அடிபோட்ட மிதியடி ஆகியவற்றைப் பிழியப் போடாதீர்கள். தண்ணீர் புகாத துணி தண்ணீரை வெளியேயும் விடாது. பை மாதிரி ஏந்திக்கொண்டே சுற்றி, முழு வேகத்தில் திடீரென்று ஒரு பக்கமாகக் கவிழ்க்கும். அமெரிக்காவில் ஒரு பெரிய கம்பெனி 2016 நவம்பரில் சுமார் 28 லட்சம் மிஷின்களைத் திரும்பப் பெற வேண்டிவந்தது. கனத்த துணியும் தண்ணீர் புகாத துணியும் பிழியும்போது சில மிஷின்களில் மேல்மூடி பிய்த்துக்கொண்டு போனதுதான் காரணம். தோட்ட வேலைக்குப் போகிறவர்கள் வீட்டில் மழைக்காலம் முழுக்க படங்கு ஈரமாகத்தான் இருக்கும். உதறிக் கொடியில் போடுங்கள். அதற்குத் துவையலே போதும், பிழியல் வேண்டாம்.

மேலே கதவு வைத்த மிஷின் வைத்திருப்பவர்கள் இந்நேரம் இளக்காரமாகச் சிரித்திருப்பார்கள். அவர்களுடையதில் தொட்டியின் மேல்விளிம்பில் உப்புத் தண்ணீர் அடைத்த ஒரு வளையம் இருக்கிறது. தொட்டியை ஆட்டினால் உள்ளே களக் களக் என்று கேட்கும். வேகம் ஒரு அளவைத் தாண்டியதும் அந்தத் தண்ணீர் பாரம் இருக்கிற பக்கத்தை விட்டுவிட்டு எதிர்ப்பக்கம் போய்ச் சேர்ந்துகொள்ளும். யாரும் ஏவாமல், தானாக. மனுஷர்களிடம் இந்தக் குணம் இல்லை. பாரம் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம்தான் கூட்டம் சேரும். ஆனால் அந்த வளையத்துக்கும் ஒரு எல்லை உண்டு. இரண்டு ஜமக்காளத்தைப் போட்டால் அதுவும் கையை விரித்துவிடும்.

ஒரு பக்கம் கனத்தால் மறுபக்கம் ஒரு துணையை நிறுத்துவது நம் மலைக்குப் புதுசில்லை. குரங்கணிக்கு மேலே டாப் ஸ்டேஷன் என்று ஒரு இடம் இருக்கிறது அல்லவா, ஏன் ஸ்டேஷன் என்று பெயர் என்று யாராவது கேட்டதுண்டா? மூணாறிலிருந்து குண்டளைப் பள்ளத்தாக்கு வழியாக அங்கே வரைக்கும் 1902-ல் ஒரு ரயில் போட்டார்கள். ஒற்றைத் தண்டவாளம். வண்டியின் சின்னச் சக்கரங்கள் தண்டவாளத்தில் போகும். சாயாமல் இருக்க, ஒரு பக்கம் ஒரு பெரிய சக்கரம் நீட்டிக்கொண்டு மண் ரோட்டில் உருளும். பாரத்தில் பெரும்பங்கு தண்டவாளத்தில். பக்கத்துச் சக்கரத்துக்குக் கொஞ்சம்தான், அது விழாமல் பிடித்துக்கொள்ள மட்டும். இழுத்தது மாடுகள். யூயிங் முறை என்று அதற்குப் பெயர். இதே முறையில் பாட்டியாலாவில் ஓடிய வண்டி டெல்லி ரயில் அருங்காட்சியகத்தில் இன்னும் இருக்கிறது. மூணாறு வண்டியில் தேயிலைப் பெட்டி டாப் ஸ்டேஷனுக்கு வரும். அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கிக் கொட்டகுடிக்கு இறங்கும். அங்கிருந்து வண்டி பூட்டிப் போடிக்கு வரும். அந்தப் பெட்டிகளை ஏற்றியவர்கள் ரசமட்டம் வைத்தா பார்த்திருப்பார்கள்? எந்தப் பெட்டியை எந்தப் பக்கம் வைத்தால் மாடு முறைக்காது என்று பார்த்திருப்பார்கள். 1908-ல் ஒற்றைத் தண்டவாளத்தை எடுத்துவிட்டு இரண்டடி அகலப் பாதை போட்டார்கள். 1924 வெள்ளத்தில் அதுவும் போயிற்று. மாடு இழுத்த அந்த ஒற்றைக்கால் ரயில் ஆறு வருஷம் ஓடியிருக்கிறது. இன்றைய வாஷிங் மிஷினின் ஆயுளோடு ஒப்பிட்டால் மோசமில்லை.

தரையும் சரி, துணியும் சரி, அப்படியும் ஆடுகிறது என்றால் காதைக் கொடுங்கள். தேனி மாவட்டத்தில் தாளம் பிடிபடாத ஆள் குறைவு. பண்ணைபுரம் பக்கத்தில்தான் இருக்கிறது. வேகம் ஏறும்போது மட்டும் தம் தம் என்று இடித்து, ஏறிய பிறகு அடங்கினால் துணி ஒதுங்கியிருக்கிறது. ஒரே சீராக டொக் டொக் என்றால் கால். விமானம் இறங்குகிற மாதிரி நாளுக்கு நாள் இரைச்சல் கூடிக்கொண்டே போனால் பேரிங். காலி டிரம்மைக் கையால் சுற்றும்போதே கரகரவென்றால் சந்தேகமே வேண்டாம்.

எங்களுடையது இது எதிலும் சேரவில்லை. காலித் தொட்டியாக ஓடவிட்டாலே வேகம் பிடிக்கும்போது உடம்பை உதறியது. அன்றைக்கு மச்சினன்தான் கண்டுபிடித்தான். செங்கல் விவகாரத்துக்குப் பிறகு அவனை மிஷின் பக்கம் விடுவதில்லை என்று வைத்திருந்தோம். கைகழுவப் போனவன் கதவைத் திறந்து டிரம்மின் மேல்விளிம்பைப் பிடித்துக் கீழே ஒரு அமுக்கு அமுக்கிவிட்டான். டிரம் மேலே வந்தது, கீழே போனது, மறுபடி வந்தது, போனது. அவன் எண்ணிக்கொண்டிருந்தான்.

“மாமா, ஷாக் அப்சார்பர் போச்சு. வண்டிய அமுக்கி விட்டா ஒரு தடவ எந்திரிச்சு நிக்கணும். இது தொட்டில் ஆட்டுது.”

அவன் சொன்னது அட்சரம் பிசகாமல் சரி. உள்ளே டிரம் இருக்கிற தொட்டி மேலே ஸ்பிரிங்கில் தொங்குகிறது. கீழே ஷாக் அப்சார்பர் அதன் ஆட்டத்தை வாங்கிக்கொள்கிறது. மேல்கதவு மிஷினில் இந்த வேலையை நான்கு மூலையிலும் தொங்குகிற ராடுகள் செய்யும். இவை தேய்ந்துபோனால் தரையை எவ்வளவு மட்டம் பார்த்தும் பிரயோஜனமில்லை.

கஸ்டமர் கேரில் ஒன்றை அமுக்கி, நான்கை அமுக்கி, இரண்டு நாள் கழித்து மெக்கானிக் தம்பி வந்தார். பின்தகட்டைக் கழற்றினார். உள்ளே ஒரு பெரிய சிமென்ட் கட்டி. எங்கள் அம்மா பார்த்துவிட்டார்.

“பாத்தியாடா, எடைக்குக் கல்லப் போட்டு வித்துருக்காய்ங்க!”

ஏலக்காய்க்காரன் வீட்டில் இது சாதாரணக் குற்றச்சாட்டு இல்லை. மூடையில் கல் கலந்தால் என்ன நடக்கும் என்று அவருக்குத் தெரியும். அந்தத் தம்பி பாவம், சிமென்ட் கட்டி இல்லாவிட்டால் மிஷின் இன்னும் துள்ளும், தொட்டி துள்ளாமல் இருக்கத்தான் கம்பெனியே கட்டி அனுப்புகிறது என்று விளக்கினார். அம்மா கேட்டுக்கொண்டார். தம்பி போன பிறகு, “அப்ப மூடையில கல்லு கெடந்தா மூடை துள்ளாதுன்னு நாமளும் சொல்லலாம்ல?” என்றார்.

இதற்கிடையில் ஒரு விஷயம். 2021 சட்டமன்றத் தேர்தலில் அதிமுக அறிக்கையில் குடும்ப அட்டைக்கு ஒரு வாஷிங் மிஷின் என்று இருந்தது. எங்கள் தொகுதியில் அந்தக் கட்சி ஜெயித்தது, மாநிலத்தில் ஜெயிக்கவில்லை. மிஷினும் வரவில்லை. எங்கள் தெருவில் இதுவரை ஆட்டம் காணாத வாஷிங் மிஷின் அது ஒன்றுதான்.

ஷாக் அப்சார்பர் இரண்டும் மாற்றியாயிற்று. கைலி தனி, ஜமக்காளத்துக்குத் துணை, கால் நட்டு இறுக்கம் எல்லாம் ஆயிற்று. ஆட்டம் முக்காலும் அடங்கிவிட்டது. இந்த இடத்தில் நிறுத்தியிருக்க வேண்டும். எனக்கு அந்த மூன்று டிகிரி உறுத்திக்கொண்டே இருந்தது. கொத்தனாரைக் கூப்பிட்டேன்.

அவர் மிஷின் நிற்கிற இடத்துக்கு மட்டும் சின்னதாக ஒரு மேடை கட்டலாம் என்றார். நியாயமான யோசனை. நான்தான் கேட்கவில்லை. பின்கட்டு முழுவதையும் மட்டமாகப் போட்டுவிடுங்கள், மிஷினை எங்கே வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம் என்றேன்.

“சார், வாட்டம் இல்லாம எப்பிடி சார்?”

“மட்டமா இருக்கட்டும்ங்க.”

“எதுக்கும் அம்மாட்ட ஒரு வார்த்தை…”

“நான்தான சொல்றேன்.”

அவர் ரசமட்டத்தை வைத்தார். குமிழி நடுவில் வந்து நின்றது. திசைக்கு ஒன்றாக நான்கு பக்கமும் வைத்துக் காட்டினார். நான்கு பக்கமும் நடுவிலேயே நின்றது. இவ்வளவு மட்டமான தரையை நான் போடியில் பார்த்ததில்லை. அவரும் இதற்கு முன் போட்டதில்லை என்று முகத்தில் தெரிந்தது. ஒரு வாரம் தரை காயவிட்டு, மிஷினை நகர்த்தி வைத்து, ஜமக்காளத்தையும் நான்கு துண்டையும் போட்டு ஓடவிட்டேன். 1,000 சுற்று. மேலே ஒரு செம்புத் தண்ணீர் வைத்திருந்தேன். விளிம்பு லேசாக நடுங்கியது, அவ்வளவுதான். மிஷின் நின்ற இடத்தில் நின்றது. எதிர்வீட்டு மாமாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவருக்கு அதில் சந்தோஷம் இருந்ததாகத் தெரியவில்லை.

கழிவு நீர்க்குழாய் தரையில்தான் கிடந்தது. எப்போதும் அப்படித்தான் கிடக்கும். தண்ணீர் இத்தனை வருஷமும் தானாகத் தூம்புக்குப் போய்விடும். இப்போது அது வெளியே வந்து கொஞ்ச நேரம் நின்றது. எந்தப் பக்கம் போவது என்று யோசிக்கிற மாதிரி இருந்தது. அப்புறம் அடுப்படி நிலைப்படியைத் தாண்டி, அரிசி மூடையைச் சுற்றிக்கொண்டு, கூடத்தைக் கடந்து, தெருவாசலுக்குப் போயிற்று.

அம்மா திண்ணையில் உட்கார்ந்திருந்தார். காலைத் தூக்கி மேலே வைத்துக்கொண்டு சொன்னார்:

“மிஷினுக்காவது ஒரு பைப்பு நீளம் இருந்துச்சுடா.”